மீந்த உணவும் குளிர்ப்பெட்டியும்

தானியத்தை விளைவிப்பதிலும், அதைக் களத்திலிருந்து குதிருக்குச் சேர்ப்பதிலும் குடியானவர்கள் எடுத்துக்கொள்ளும் ஜாக்கிரதை யாவரும் அறிந்ததே. ஆயின் அத்தானியம் சமைத்த ஆகாரமான பின்னர், அதில் மீந்ததைப் பாதுகாப்பதில் அத்தகைய ஜாக்கிரதை பெரும்பாலும் காணப்படுவதில்லை. பிரிட்ஜ் என்று வழங்கும் குளிர்ப்பெட்டி இக்காலத்தில் கிராமங்களிலும் பரவியிருக்கிறது. அதன் உபயோகத்தைச் சரிவர அறியாவிடில், அது நன்மைக்குப் பதிலாகத் தீமையையே விளைவிக்கக்கூடும்.

கொல்லிமலையிலுள்ள வாசலூர்பட்டியை உதாரணமாகக் கொள்ளலாம். 1997-ஆம் வருஷம் சேலத்தினின்று பிரிக்கப்பட்ட நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது இம்மலை. கடல் மட்டத்துக்குச் சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்தது. சாமை, தினை, கேழ்வரகு ஆகியவை இங்கு நெடுங்காலமாகப் பயிராகி வருகின்றன. சாமையை உரலிலிட்டுக் குத்தி அரிசியாக்குவது பெண்களுக்குப் பெரும் பாடாக இருந்தமையால், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இம்மலைக் கிராமங்களில் சிறு இயந்திரங்கள் அமைவதற்கு உதவி புரிந்தனர். இவ்வளவு உழைப்பில் கிடைத்த சோற்றை வீணாக்க எவருக்கும் மனம் வராது. மீந்ததைக் காக்க வேண்டுமென்ற எண்ணம் நல்லதே. காக்கும் முறைதான் அறியத்தக்கது.

கெடுதல் நேரும் விதம்

மலையின் குளிர்ச்சியே போதும் என்று சிலர் கருதுவதுண்டு. இது சரியன்று. சமைத்த பண்டத்தில் கிருமிகள் செழித்து வளர்வது 5 டிகிரிக்கு மேலும் 60 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழும் உள்ள உஷ்ணத்திலாகும். மார்கழிப் பனியிலுங்கூட வீட்டின் உட்புறம் 5 டிகிரிக்கு இறங்குவதில்லை. அநுகூலமான சூட்டில் சில கிருமிகள் 20 நிமிஷத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும். அக்கணக்கின்படி ஒரே கிருமி 7 மணி நேரத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்டதாகிவிடும்.

சோற்றில் பாஸில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியைப் பற்றி விசேஷமாகக் கவனிக்க வேண்டும். மண்ணிலுள்ள இக்கிருமியின் வித்துக்கள் தானியத்துடன் வந்து, கொதிக்கும் உலையிலும் சாகாமல் இருக்கின்றன. சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி விஷத்தைக் கக்குகின்றன. அவ்விஷம் மறுபடி சுட வைப்பதால் அழிவதில்லை. அதை உண்டவருக்குச் சில மணி நேரத்துக்குள் வாந்தி காணும். சாமைச் சோறும் இதற்கு விலக்கன்று. பரிமாறுபவரின் கைப்புண்ணிலிருந்து சேரும் வேறொரு கிருமியின் விஷமும் கொதிக்க வைத்தாலும் நீங்காது. ஆகையால் "நன்றாகக் கொதிக்க விட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்னும் நம்பிக்கையை விட்டுவிட வேண்டும். வாசனையும் ருசியும் மாறாத பண்டத்திலும் விஷம் இருக்கக்கூடும்.

பழைய சோற்றின் விஷயம் வேறு. நீர் ஊற்றிய சோற்றில் புளிப்பு உண்டாகி, அது மற்றக் கிருமிகள் பலவற்றை அடக்குகிறது. எனினும் புளிப்பு ஏறுவதற்குச் சில மணி நேரம் ஆகுமாதலால், சோற்றைச் சீக்கிரம் ஆற்றி, சுத்தமான நீரை ஊற்றி, மறுநாட் காலையிலேயே உண்டுவிடுவது அவசியம். இம்முறை சாம்பாருக்கோ கறிக்குழம்புக்கோ பொருந்தாது.

ஆற வைத்தலும் அடுக்குதலும்

மீந்ததை அடுப்பிலிருந்து இறக்கிய 2 மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டியில் சேர்த்துவிட வேண்டும். கோடையில் 32 டிகிரிக்கு மேல் வெயில் காயும் சமவெளிகளில் 1 மணி நேரமே கெடு. பெரிய குண்டானை அப்படியே உள்ளே வைப்பது தவறு. அதன் நடுப்பகுதி பல மணி நேரம் சூடு தணியாமல் இருந்து கிருமிகளுக்கு விளைநிலமாகும். இரண்டு அங்குல ஆழத்துக்கு மேற்படாமல் அகன்ற எவர்சில்வர் பாத்திரங்களில் பிரித்து, அவற்றைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் நிறுத்தி ஆவி அடங்கியதும் மூடி வைக்க வேண்டும். புளி சேர்ந்த பண்டங்களை ஈயம் பூசாத பித்தளையிலும் செம்பிலும் வைத்தலாகாது.

பெட்டியின் உட்புறம் 4 அல்லது 5 டிகிரிக்கு மேற்படாமல் இருத்தல் வேண்டும். ஒரு டம்ளர் நீரில் உஷ்ணமானியை இட்டு நடுத்தட்டில் ஓர் இரவு வைத்துப் பார்த்தால் உண்மை தெரியும். பச்சை இறைச்சியும் மீனும் கீழ்த்தட்டிலும், சமைத்தவை மேல்தட்டிலும் இருக்க வேண்டும். கதவுப் பக்கம் அடிக்கடி சூடேறுமாதலால் பாலையும் குழம்பையும் அங்கே வைத்தலாகாது. காற்று உலவ இடமின்றித் திணிப்பதும் கூடாது.

குளிர் கிருமிகளைக் கொல்வதில்லை. அவற்றின் வளர்ச்சியைத் தாமதப்படுத்துகிறது. எனவே சோற்றை 1 நாளுக்குள்ளும், சாம்பார், பொரியல், கறிக்குழம்பு முதலியவற்றை 3 நாளுக்குள்ளும் தீர்த்துவிட வேண்டும். தேங்காய்த் துவையலையும் வேக வைத்த மரவள்ளிக் கிழங்கையும் மறுநாளே தீர்ப்பது நன்று. வேண்டிய அளவை மாத்திரம் எடுத்து, நடுவிலும் ஆவி பறக்கும்படி ஒரே முறை சுட வைக்க வேண்டும். சுட வைத்ததில் மீந்ததைத் திரும்ப உள்ளே வைத்தலாகாது.

மின்சாரம் நின்றால்

மழைக்காலத்தில் மரம் சாய்ந்து மின்கம்பி அறுவது மலைநாட்டில் புதிதன்று. கதவைத் திறவாதிருந்தால் குளிர் ஏறக்குறைய 4 மணி நேரம் நிற்கும். அதற்கு மேற்பட்டால் சமைத்த உணவையும் இறைச்சியையும் பாலையும் கழித்துவிடுவதே உசிதம். வீட்டார் வெளியூர் போயிருக்கையில் மின்சாரம் நின்றதா என்றறிய ஒரு யுக்தி உண்டு. ஒரு கிண்ணத்தில் நீரை உறைய வைத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை இட்டு உறைநிலை அறையில் வைத்துச் செல்ல வேண்டும். திரும்பி வந்து பார்க்கையில் நாணயம் அடியில் உறைந்து கிடந்தால், நீர் ஒரு முறை உருகி மறுபடி உறைந்தது என்பது விளங்கும்.

வேலையாட்களுக்கு இடும் உணவு

காப்பியும் மிளகும் பறிக்கும் நாட்களில் நிலச்சொந்தக்காரர்கள் ஆட்களுக்குச் சாப்பாடு போடுவது வழக்கம். முதல்நாள் மீந்ததைத் தாங்கள் உண்ணத் தயங்கி, ஆட்களுக்கு இடுவோர் சிலர் உளர். வீட்டுக் குழந்தைக்குக் கொடுக்கத் தகாதது கூலியாளுக்கும் தகாது. வாந்தியும் பேதியும் கண்ட ஆள் தன் கூலியை இழக்கிறான். பறிக்க வேண்டிய பழமும் செடியிலேயே நின்றுவிடுகிறது. ஆடிப் பதினெட்டிலும் கோயில் அன்னதானத்திலும் அண்டா அண்டாவாக மீந்ததை வீட்டுக் குளிர்ப்பெட்டி தாங்காது. அதை அன்றே சூடாகப் பகிர்ந்துவிடும்படி ஊராட்சித் தலைவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் விழாக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது நலம்.

மாடுகளுக்குக் கொட்டுதல்

கெட்டுப்போன சோற்றையாவது மாட்டுக்குப் போடலாம் என்பது மற்றொரு பெருந்தவறு. கெடாத சோறாயினும், அதை ஒரே வேளையில் மிகுதியாகத் தின்ற மாட்டின் பெருவயிற்றில் அமிலம் பெருகி, அசைபோடுதல் நின்று, வயிறு உப்பி, கழிச்சல் கண்டு, மாடு படுத்துவிடும். தக்க வைத்தியம் விரைவில் கிடையாவிடில் இறந்தும் போகும். பொங்கலை அடுத்தும் கலியாணங்களை அடுத்தும் இவ்விதம் கறவை மாடுகளை இழந்த குடும்பங்கள் பல. இவ்வறிகுறிகள் தோன்றிய உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். பூஞ்சணம் பூத்த பண்டத்தைக் கோழிக்கும் போடலாகாது. கழித்ததை எருக்குழியில் இட்டு மண்ணால் மூடினாலும், சாண எரிவாயுக் கலத்தில் சேர்த்தாலும் பயன் தரும்.

இவை எல்லாவற்றினும் முந்தியது, உண்போரைக் கணக்கிட்டு அளவறிந்து உலை வைப்பதாகும். அதற்கு மேலும் மீந்ததைப் பிரித்து ஆற்றி, மூடி, நாளைக் குறித்து வைப்பதற்குக் கால் மணி நேரமே செல்லும். வீட்டிலுள்ள பெண்மக்களை மாத்திரம் இதற்குப் பொறுப்பாக்காமல், ஆண்மக்களும் இம்முறைகளைத் தெரிந்துகொண்டு உடனிருந்து செய்வார்களாக.