பல்லும் பலவும்: படச் சுருக்கத்தில் ஒரு தெரிவு

தெலுக் இந்தானில் 1885இல் எழுந்த சாய்ந்த கோபுரத்தின் நிழற்படமும், பழைய பள்ளி மலரின் அச்சுப் பக்கமும் கணினியில் ஏறியபின் ஒரே இனக் கோப்புகளாகத் தோன்றும். அளவைக் குறைக்கும்பொழுதே வேறுபாடு புலனாகும்.

1992இல் தரமுறையாக ஏற்கப்பட்ட ஜேபெக் முறை, படத்தை எட்டுக்கு எட்டுப் படப்புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, கண் எளிதில் உணராத நுண்மாற்றங்களைக் கழிக்கிறது. இதற்கு அடிப்படையான கணக்கை 1974இல் வெளியிட்டோர் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவர். வானம், சுவர் போன்று மெல்ல மாறும் பரப்புக்கு இம்முறை நன்று. எழுத்தின் கூரிய விளிம்புக்கோ தீங்கு. விளிம்பைச் சுற்றி அழுக்குப்போல் நிழல் படியும்; சிற்றெழுத்தில் மெய்யின் புள்ளி அதில் கரைந்துபோகும். 'பல்' 'பல' ஆவதைத் தமிழாசிரியர் பொறுப்பரோ?

ஸ்கூஷ் என்னும் கருவி ஒரு நேரத்தில் ஒரு படத்தையே ஏற்று, மூலத்தையும் சுருங்கியதையும் அருகருகே காட்டும். இமேஜ்மேஜிக் ஒரே கட்டளையால் நூற்றுக்கணக்கான படங்களைச் சுருக்கும். ஆயின் எல்லாவற்றுக்கும் ஒரே தர எண்ணையே பொருத்தும். அதன் 'மாக்ரிஃபை' கட்டளை, வேறு இடம் குறிக்காவிடின், மூலக் கோப்பின்மீதே எழுதிவிடும். படி எடுத்து வைக்காதார் மூலத்தை இழப்பர்.

படங்களின் எண்ணிக்கையைக் கொண்டு கருவியைத் தெரிதல் பொருந்தாது. இனத்தையே முதலில் நோக்கவேண்டும். நிழற்படங்களையும் அச்சுப் பக்கங்களையும் வேறு வேறு உறைகளில் இடுக. மிகச் சிற்றெழுத்துள்ள பக்கத்தைத் தனிக் கருவியில் பெரிதாக்கிப் புள்ளிகளை எண்ணிப் பார்க்க. வெறும் கறுப்பு வெள்ளை அச்சாயின், இழப்பில்லாத பிஎன்ஜி வடிவமே தக்கது. பின்னரே தொகுதிக் கருவி. ஒரு கருவியின் 75 பிறிதொன்றின் 75 அன்று. ஆதலின் அதே பக்கத்தை அதிலும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தல் வேண்டும்.