ஐந்து நீதிபதிகளும் ஏழு நீதிபதிகளும்: உள்ஒதுக்கீட்டு வழக்கை முன்வைத்து

கோவையில் கொங்கு எக்ஸ்பிரஸ் ஏறினால் டெல்லி போய்விடலாம். திலக் மார்க்கில் இருக்கிறது உச்ச நீதிமன்றம். அடையாள அட்டை காட்டி அனுமதிச் சீட்டு பெற்றால் நாமும் உள்ளே போகலாம். வளாகத்தில் அம்பேத்கர் சிலை நிற்கிறது. நீதிமன்றம் 1950இல் தொடங்கியது. சிலை வந்தது 2023 நவம்பர் 26இல்!

மொத்த நீதிபதி இடங்கள் 34. ஆனால் ஓர் அறையில் பெரும்பாலும் இருவரோ மூவரோதான் அமர்ந்திருப்பார்கள். அரசியல் சட்டத்துக்குப் பொருள் சொல்லும் பெரிய கேள்வி வந்தால் குறைந்தது ஐவர் அமர வேண்டும். யார் எந்த அமர்வில் என்பதைத் தலைமை நீதிபதி முடிவு செய்கிறார். ஐவர் சொன்னதை இன்னொரு ஐவர் மாற்ற முடியாது. தவறென்று பட்டாலும் மேலே அனுப்பத்தான் வேண்டும்.

இந்த எண்ணிக்கைதான் நம் பிள்ளைகளின் 3 விழுக்காட்டின் தலைக்கு மேல் கத்தியாகத் தொங்கியது. பட்டியல் சாதிகளைப் பிரிக்கக் கூடாது என்று 2004இல் ஆந்திரத்தின் சின்னையா வழக்கில் ஐவர் சொன்னார்கள். தமிழ்நாடு 2009இல் 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு ஒதுக்கிச் சட்டம் இயற்றியது. கோவை மாநகராட்சியில் விடியுமுன் தெருக்கூட்டும் பெற்றோரின் பிள்ளைகள் கல்லூரிக்குள் நுழைந்த வழி அது. பஞ்சாபின் தவிந்தர் சிங் வழக்கில் 2020இல் வேறு ஐவர் சின்னையா தீர்ப்பை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றார்கள். அவர்களும் ஐவர்தானே! எழுவர் அமர்வு 2024 பிப்ரவரியில் மூன்று நாள் விசாரித்து, ஆகஸ்ட் 1இல் உட்பிரிவு செல்லும் என்றது. ஆறு பேர் ஒரு பக்கம். பேலா திரிவேதி மட்டும் மறுபக்கம்.

மாணவர்கள் இங்கே நிதானிக்க வேண்டும். அதே தீர்ப்பில் பி.ஆர். கவாய் உள்ளிட்ட நால்வர், பட்டியல் சாதிகளிலும் வசதி பெற்றோரை விலக்க வேண்டும் என்று எழுதினார்கள். செய்தித்தாள்கள் இதைத் தீர்ப்பாகவே போட்டன. அமர்வின் முன் இருந்த கேள்வி அதுவல்ல. ஆகவே அது கருத்து மட்டுமே, யாரையும் கட்டுப்படுத்தாது. அந்தக் கருத்து நமக்கு உடன்பாடானதும் அல்ல. தீண்டாமை சம்பளப் பட்டியலைப் பார்த்து வருவதில்லை.

கட்டுப்படுத்துவது வேறொன்று: பிரிக்கும் மாநிலம், ஒரு சாதிக்குப் போதிய இடம் கிடைக்கவில்லை என்பதைத் தரவோடு காட்ட வேண்டும், மொத்த ஒதுக்கீட்டையும் ஒரே சாதிக்குக் கொடுத்துவிடவும் கூடாது. நம் மாவட்டங்களில் எந்தத் துறையில், எந்தப் பதவியில் எத்தனை அருந்ததியர் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கும் விண்ணப்பத்தை இந்த மாதமே எழுதலாம்.