நந்தனாரும் கிந்தனாரும்

மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்தார் தொல்காப்பியர். அந்த நகை தோன்றும் இடங்கள் நான்கு என்று கூறி, அவற்றுள்ளும் எள்ளலையே முதலில் வைத்தார். எள்ளல் என்றவுடன் ஒருவரை மட்டந்தட்டுவது என்றே நம்மில் பலர் எண்ணிக்கொள்கிறோம். அப்படி மட்டும் அல்ல என்பதை எனக்கு உணர்த்தியது கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் ‘கிந்தனார்’ காலட்சேபம்.

பாடகர்களின் வாழ்க்கையைச் சொல்லும் படங்களைக் கேலி செய்ய மேலைநாட்டார் தனிப் படங்களே எடுத்திருக்கிறார்கள். 2007-இல் வந்த ‘வாக் ஹார்ட்’ அவற்றுள் ஒன்று. ‘ரே’, ‘வாக் தி லைன்’ போன்ற படங்களில் வரும் இளமைத் துயரம், திடீர்ப் புகழ், வீழ்ச்சி, மீட்சி என்ற வாய்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டு சிரிக்க வைத்தது. ஆனால் இசையால் சொல்லப்படும் ஒரு வாழ்க்கை வரலாற்றை எள்ளும் கலை நமக்குப் புதிதன்று. 1949-இலேயே, அண்ணா கதை வசனம் எழுத, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கிய ‘நல்லதம்பி’ படத்தில் கலைவாணர் அதைச் செய்து காட்டிவிட்டார்.

மூலக்கதையை நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. விருத்தாசலத்திலிருந்து பேருந்து ஏறினால் இரண்டு மணி நேரத்திற்குள் சிதம்பரம். அந்தச் சிதம்பரத்திற்கு ‘நாளைப் போவேன்’ என்று சொல்லிச் சொல்லியே திருநாளைப்போவார் ஆனவர் கொள்ளிடக்கரை ஆதனூர் நந்தனார். சேக்கிழார் பாடிய நந்தனாரை எதிர்த்து நிற்கும் பண்ணையார் எவரும் பெரியபுராணத்தில் இல்லை. நாற்பது வேலி நிலத்தையும் பயிர் செய்து முடித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று தடுக்கும் வேதியர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் கீர்த்தனைகளில் படைத்த பாத்திரம். கதை ஊரெங்கும் பரவியதற்கு அந்த வேதியரும் ஒரு காரணம் என்பது என் கருத்து. 1935-இல் கே. பி. சுந்தராம்பாள் ஆண் வேடமிட்டு நந்தனாராக நடித்தார். இலட்ச ரூபாய் ஊதியம் என்று நாடே பேசியது. 1942-இல் ஜெமினியின் படத்தில் தண்டபாணி தேசிகர் பாடி நடித்தார். அந்தப் பாடல்கள் காலட்சேப மேடைகளிலும் இசைத்தட்டுகளிலும் ஒலித்து, மக்களுக்கு மனப்பாடமாகிவிட்டன.

இங்கேதான் நம் ஊர்த் தொழிலை நினைத்துக்கொள்கிறேன். செராமிக் பொம்மை செய்யும் கூடங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் களிமண் குழம்பை ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்ச, உட்சுவரில் மண் ஏடாகப் படியும். மிச்சக் குழம்பைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு, சற்று இறுகியதும் பிரித்தால் பொம்மை நிற்கும். அதே அச்சில் வேறு மண்ணை ஊற்றினாலும் அதே மூக்கும் அதே விழியும்தான். கலைவாணர் செய்தது இதுவே. பாகவதர், பின்பாட்டு, இடையிடையே கிளைக்கதை என்று காலட்சேப அச்சு அப்படியே இருக்கிறது. ஊற்றிய மண்தான் வேறு. நந்தனுக்குச் சிதம்பரம் போக ஆசை. கிந்தனுக்குப் படிக்க ஆசை. இருவருக்கும் ஊரில் தடை. கிந்தன் ரயிலேறிப் பட்டணம் போகிறான், படித்துத் தேறுகிறான், கல்வி அதிகாரியாகத் திரும்புகிறான். நந்தனைத் தீ ஏற்றுக்கொண்டது. கிந்தனைப் பள்ளிக்கூடம் ஏற்றுக்கொண்டது.

உடுமலை நாராயண கவி எழுதிய அந்த ரயில் பாட்டில், எல்லாச் சாதியாரையும் ஒரே பெட்டியில் ஏற்றிச் செல்லும் வண்டியைப் புகழ்கிறார் கலைவாணர். அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்புக் கூட வரவில்லை. நாள்தோறும் பாசஞ்சர் வண்டியில் நின்றுகொண்டே கல்லூரிக்கு வருகிறவன் நான். வண்டியில் இடம் கிடைப்பதில்லை என்பதுதான் என் குறை. ஏறலாமா கூடாதா என்பது என் கேள்வியாக ஒருநாளும் இருந்ததில்லை.

என் ஆயா, தேசிகர் பாட்டைக் கேட்டால் இன்றும் கண் கலங்குகிறவர். கிந்தனாரை யூடியூபில் போட்டுக் காட்டத் தயங்கினேன். சாமி கதையைக் கேலி செய்கிறான் என்று கோபித்துக்கொள்வார் என நினைத்தேன். அவரோ முதல் இரண்டு நிமிடத்திலேயே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கிவிட்டார். எனக்குப் புரியாத இடங்களிலெல்லாம் அவர் சிரித்தார். அச்சு அவர் மனத்தில் கூர்மையாக இருந்தது. எனக்கு மழுங்கியிருந்தது, அவ்வளவுதான். பழைய அச்சில் வார்த்த பொம்மைக்கு விழியும் இதழும் தெளிவாக விழாதல்லவா! மூலத்தை அறியாதவனுக்குக் கேலி பாதிதான் போய்ச் சேரும். 2010-இல் வந்த ‘தமிழ்ப் படம்’ நமக்கு இனித்ததும், அது கேலி செய்த படங்களையெல்லாம் நாம் பார்த்திருந்ததால்தான்.

கிந்தன் அதிகாரியாகத் திரும்பும் இடத்தில் ஆயாவின் சிரிப்பு நின்றுவிட்டது. “உங்க தாத்தாவப் பள்ளிக்கூடத்து வாசல்லியே நிறுத்தி, போயி மாட்டப் பாருடான்னு அனுப்பிச்சிட்டாங்க கண்ணு. கையெழுத்துப் போடுறதே முப்பது வயசுக்கு மேலதான் கத்துக்கிட்டாரு” என்றார். இதற்குமுன் அவர் இதை என்னிடம் சொன்னதில்லை. பிறகு, “இன்னொரு தபா போடு” என்றார்.

கலைவாணர் நந்தனாரை எள்ளவே இல்லை. நந்தனாரின் ஏக்கத்தை அவர் முழுதாக மதித்தார். அந்த ஏக்கம் போய்ச்சேரும் ஊரை மட்டும் மாற்றினார். எள்ளப்பட்டவர்கள் வாசலில் நின்று தடுத்தவர்கள். அதனால்தான் தேசிகரின் இரசிகையான என் ஆயாவுக்கு இது கசக்கவில்லை போலும்.

வரும் முத்தமிழ் விழாவில் இரண்டையும் ஒரே மேடையில் அடுத்தடுத்து நிகழ்த்த நண்பர்கள் சிலர் எண்ணியிருக்கிறோம். முதலில் நந்தனார், பிறகு கிந்தனார். ஜால்ராவுக்கு ஆள் கிடைத்துவிட்டது. ஆர்மோனியம் வாசிக்கத் தெரிந்தவர்கள் மூன்றாம் ஆண்டு வரலாறு வகுப்பில் வந்து என்னைப் பார்க்கலாம்.