திரையரங்கக் காட்சி அட்டை

திரையரங்கக் காட்சி அட்டை அல்லது லாபி கார்டு என்பது, ஒரு திரைப்படத்தின் காட்சிகளைத் திரையரங்கின் முகப்புக் கூடத்தில் காட்டுவதற்காக உருவாக்கப்பட்ட விளம்பர அட்டை ஆகும். சுவரொட்டி தெருவில் செல்வோரை அழைப்பது. காட்சி அட்டை அரங்க வாயிலுக்கு வந்தவர் அருகில் நின்று பார்ப்பது. பழைய காதல் படங்களின் அட்டைகளைச் சேகரிப்பது பல நாடுகளில் பொழுதுபோக்காக உள்ளது. படச்சுருள் அழிந்துபோன படங்களுக்கோ, இத்தகைய அட்டைகள், நிழற்படங்கள், பாட்டுப் புத்தகங்கள் ஆகியவையே எஞ்சும் சான்றுகளாகும்.

அமைப்பு

அமெரிக்காவில் பரவலாக இருந்த அட்டையின் அளவு 11 x 14 அங்குலம். பெரும்பாலும் எட்டு அட்டைகள் ஒரு தொகுதியாக வெளியிடப்பட்டன. அவற்றுள் ஒன்று தலைப்பு அட்டை, ஏனையவை காட்சி அட்டைகள். இந்தியாவில் இவ்வகை அட்டைகள் ஷோ கார்டு என அழைக்கப்பட்டன. படப்பிடிப்பின்போது எடுக்கப்பட்ட நிழற்படங்கள் தடித்த அட்டையில் ஒட்டப்பட்டன. கருப்பு வெள்ளைப் படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டும் வழக்கமும் இருந்தது.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ்

சேர்வராயன் மலைக்குச் செல்லும் ஏற்காடு சாலையில், சேலத்தில் டி. ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்தது. பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' காவியத்தைத் தழுவி எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'பொன்முடி' (1950) என்னும் காதல் படம் அவற்றுள் ஒன்று. இந்நிறுவனம் தயாரித்த முதல் மலையாளப் பேசும் படமான 'பாலன்' (1938) இன்று கிடைப்பதில்லை. அதன் சில நிழற்படங்களும் பாட்டுப் புத்தகமுமே எஞ்சியுள்ளன. நிறுவனத்தின் நுழைவாயில் வளைவு இன்றும் ஏற்காடு சாலையில் உள்ளது.

சேகரிப்புகள்

1964இல் புனேயில் நிறுவப்பட்ட இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணகம், படச்சுருள்களுடன் நிழற்படங்கள், சுவரொட்டிகள், பாட்டுப் புத்தகங்கள் ஆகியவற்றையும் சேகரித்தது. இது 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டது. தமிழில் தனிமனித முயற்சிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு 'பிலிம் நியூஸ்' ஆனந்தன் (1928–2016). அவர் திரட்டிய நிழற்படங்களையும் தகவல்களையும் தமிழ்நாடு அரசு பெற்றுக்கொண்டது.

அசலை அடையாளம் காணுதல்

அச்சிடப்பட்ட படத்தை உருப்பெருக்கியால் நோக்கினால் சிறு புள்ளிகள் தெரியும். நிழற்படத் தாளில் அவை இரா. எனவே நிழற்படம் எனக் கூறி விற்கப்படும் அட்டையில் புள்ளிகள் தென்பட்டால், அது பிற்கால அச்சுப் படியாக இருக்கக்கூடும். பழைய கருப்பு வெள்ளை நிழற்படங்களின் கரிய பகுதிகளில் சில வேளைகளில் வெள்ளி போன்ற மினுமினுப்புத் தோன்றும். குண்டூசித் துளைகள், பசைத் தடங்கள், விநியோகஸ்தரின் முத்திரை ஆகியவை அரங்கில் பயன்பட்டதற்கான அடையாளங்கள். ஆகவே இவற்றை அழித்துத் தூய்மைப்படுத்துதல் கூடாது.

பாதுகாத்தல்

ஈரப்பதம் அட்டைகளின் முதற்பகை. சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காடு போன்ற மலையூர்களில் மழைக்காலத்தில் பூஞ்சணம் எளிதில் படரும். இராமபாணப் பூச்சி பசையையும் தாளையும் அரிக்கும். அட்டைகளை அமிலமற்ற தாளிலோ பாலியெஸ்டர் உறையிலோ இட்டு, வெளிச்சம் படாத உலர்ந்த இடத்தில் கிடையாக வைத்தல் நன்று. லேமினேட் செய்தால் மீண்டும் பிரித்தெடுக்க இயலாது.

படத்தின் பெயர், ஆண்டு, நடிகர்கள், அட்டை கிடைத்த இடம் ஆகியவற்றை உடன் வைக்கும் தனித்தாளில் குறித்தல் இன்றியமையாதது. நடிகர்களை அடையாளம் காட்டக்கூடிய தலைமுறை மறைந்தபின், பெயரற்ற அட்டை வெறும் படமாகிவிடும். குறிப்புள்ள அட்டையே வரலாற்று ஆவணமாகும்.