கைப்பேசியில் ஒரு கரிசல் பாடம்

புரட்டாசி மாதத் தொடக்கம். கோவில்பட்டிக்கு அருகே ஒரு சிற்றூரில், என் மாணவர் ஒருவரின் தந்தை மானாவாரி நிலத்தில் சோளம் விதைத்தார். 'விதையை மேலாக, 2 சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டால் போதும்; விரைவில் முளைக்கும்' என்று கைப்பேசியில் ஒரு வீடியோ சொல்லியிருந்தது. அவரும் அப்படியே செய்தார். நான்காம் நாள் ஒரு தூறல் விழுந்தது. விதை முளைத்தது. பிறகு இரண்டு வாரம் வானம் வெளுத்தே இருந்தது. முளைத்த பயிர் அத்தனையும் கருகிப் போயிற்று. விதைக்கும் உழவுக்கும் செலவழித்த பணம் மண்ணோடு போனது.

"அந்தப் படத்துல நல்லாத்தானே மொளச்சிருந்துச்சு, சார்?" என்று கேட்டார்.

"படம் எந்த ஊர்ல எடுத்தது, அண்ணாச்சி?"

அது அவருக்குத் தெரியவில்லை. படத்தை மீண்டும் ஓட்டிப் பார்த்தோம். சிவந்த மண், ஓரத்தில் மோட்டார்க் கிணறு! படம் பொய் சொல்லவில்லை. ஆனால் அது வேறொரு மண்ணின் உண்மையைச் சொன்னது.

மழையும் ஆழமும்

1 மில்லிமீட்டர் மழை என்றால் என்ன? 1 சதுர மீட்டர் பரப்பில் 1 லிட்டர் நீர் விழுந்தது என்று பொருள். இந்த நீர் மண்ணில் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பது, மண்ணின் நீர் பிடிக்கும் தன்மையைப் பொறுத்தது.

கரிசல் மண்ணில் மிக நுண்ணிய களித்துகள்கள் மிகுதி. அவை நீரை உறிஞ்சி உப்பும். காயும்போது சுருங்கி வெடிக்கும். நன்கு நனைந்த கரிசல், தன் கனஅளவில் ஏறத்தாழ 100க்கு 40 பங்கு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மணல் கலந்த செம்மண்ணோ ஏறத்தாழ 20 பங்குதான் பிடிக்கும்.

இப்போது ஒரு சிறு கணக்கு. 8 மில்லிமீட்டர் தூறல் விழுகிறது என்று கொள்வோம். காய்ந்த செம்மண்ணில் அது சுமார் 4 சென்டிமீட்டர் ஆழம் நனைக்கும். கரிசலிலோ சுமார் 2 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். ஆகவே 2 சென்டிமீட்டரில் கிடக்கும் விதை அந்தத் தூறலிலேயே ஏமாந்து முளைத்துவிடும். அடுத்த இரு நாள் வெயிலில் மேல்மண் காய்ந்துவிடும். வேருக்குக் கீழே ஈரமில்லை. கிணறு உள்ளவர் தண்ணீர் பாய்ச்சிக் காப்பாற்றுவார். மானாவாரி உழவர் என்ன செய்வார்?

விதையை 5 சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்தால்? கரிசலில் அந்த ஆழம் நனைய ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் மழை வேண்டும். அதாவது நம் பெரியவர்கள் 'உழவு மழை' என்பார்களே, அது போன்ற மழை. அதுவரை விதை உலர்ந்த மண்ணில் உறங்கும், தூறலுக்கு ஏமாறாது. மண்ணே இங்கே விதைக்குக் காவற்காரன்!

கோவில்பட்டியில் 1901ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், மானாவாரிச் சாகுபடியையே முதன்மையாக ஆராய்ந்துவருகிறது. கரிசல் மானாவாரிக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் 'பருவமழைக்கு முந்திய விதைப்பு' இந்த அடிப்படையில் அமைந்ததே. விதையைக் கடினப்படுத்துவதும் அதில் ஒரு பகுதி. 1 லிட்டர் நீரில் 20 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைத்து, அதில் சோள விதையை 6 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்துவார்கள். முளைப்பதற்கான முதல் வேலைகள் விதைக்குள் தொடங்கி நின்றுவிடுகின்றன. பின்னர் மழை வந்ததும் விரைந்து முளைத்து, வறட்சியையும் ஓரளவு தாங்கும். அதிக உரமின்றி, நிலத்தடி நீரை உறிஞ்சாமல், விழும் மழையைக் கொண்டே விளைவிக்கும் நிலைத்த வேளாண்மை இது.

வானொலியிலிருந்து வாட்ஸ்ஆப் வரை

இத்தகைய செய்திகளை உழவரிடம் சேர்க்கும் முயற்சி புதிதன்று. 1960களில் தஞ்சைப் பகுதியில் ஆடுதுறை 27 நெல்லை வானொலி பரப்பியது. மக்கள் அதை 'ரேடியோ நெல்' என்றே அழைத்தனர். 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, செயற்கைக்கோள் வழியே 6 மாநிலங்களின் சுமார் 2400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சிப் பாடம் அனுப்பப்பட்டது. தமிழ்நாடு அதில் இல்லை. ஆனால் தொலைக்காட்சியின் 'வயலும் வாழ்வும்' நம் வீடுகளுக்கு நன்கு அறிமுகமானதே.

இவை யாவும் ஒருவழிப் பாதைகள். பேசுவோர் ஒருவர், கேட்போர் பலர். எதிர்க்கேள்வி கேட்க வழியில்லை.

கர்நாடகச் சிற்றூர்களில் 'டிஜிட்டல் கிரீன்' என்ற முயற்சி இந்தக் குறையைப் போக்கப் பார்த்தது. அந்தந்த ஊர் உழவர்களையே படம் பிடித்து, மாலையில் சிறு குழுவாகக் கூட்டிக் காட்டினர். உள்ளூர்க்காரர் ஒருவர் இடையிடையே படத்தை நிறுத்தி, கேள்வி கேட்டு, விளக்கம் சொன்னார். 16 சிற்றூர்களில் 13 மாதம் நடந்த சோதனையில், வழக்கமான விரிவாக்க முறையைவிடச் சில புதிய பழக்கங்களைக் கைக்கொள்வது 7 மடங்கு மிகுந்ததாக ஆய்வாளர்கள் கண்டனர். இதில் படக்கருவியின் பங்கைவிட, படத்தில் தெரிந்த அறிமுகமான மண்ணுக்கும் அதை நிறுத்திப் பேசிய மனிதருக்கும் பங்கு அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

யூடியூப், நாம் முன்பு எதைப் பார்த்தோம் என்பதைக் கொண்டு அடுத்த படத்தை எடுத்து நீட்டும். நம் மண் கருப்பா சிவப்பா என்பது அதற்குத் தெரியாது. அதைப் பார்க்க வேண்டியவர் நாமே.

நாமே எடுக்கலாம்

அன்று என் மாணவர்கள் சிலர் தாமே ஒரு வீடியோ எடுத்தனர். மூன்று விதிகள் வைத்துக்கொண்டோம்.

முதலாவது: ஊர், மண், தேதி, பாசன வசதி உண்டா இல்லையா — இவற்றைப் படத்தின் தொடக்கத்திலேயே சொல்லவேண்டும்.

இரண்டாவது: அளவைக் கண்ணுக்குக் காட்டவேண்டும். கோவில்பட்டியில் தீப்பெட்டிக்கா பஞ்சம்? சாதாரணத் தீப்பெட்டியின் நீளம் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர். விதைத்த சாலில் அதை நிறுத்திக் காட்டினால், ஆழம் எவ்வளவு என்று சிறுவனுக்கும் விளங்கும்.

மூன்றாவது: மழையை அளக்கவேண்டும். பக்கங்கள் நேராக உள்ள தகர டப்பா ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, மழை நின்றதும் அடிமட்டக்கோலால் நீரின் உயரத்தைப் பாருங்கள். வாய் அகலமா குறுகலா என்பது பொருட்டல்ல. நீரின் உயரமே மழையின் அளவு.

ஊர் வாட்ஸ்ஆப் குழுவில் இப்போது இந்த அளவுகள் வருகின்றன. வடக்குக் காட்டில் 22. தெற்குக் காட்டில் 6! ஒரே ஊரில் இத்தனை வேறுபாடு என்பதை எந்த வானொலியும் சொன்னதில்லை.

மறு ஆண்டு அந்த அண்ணாச்சி சோளம் விதைத்தபோது, சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துச் சாலில் நிறுத்தினார். "சரிதானே சார்?" என்றார். முதல் தூறலில் அவர் காட்டில் ஒரு முளைகூடத் தலைகாட்டவில்லை. அதைப் பார்த்து அவர் முகத்தில் எழுந்த மகிழ்ச்சியை என் மாணவர்கள் படம் பிடித்திருக்கிறார்கள்.

உங்கள் கைப்பேசிக்கும் நாளை ஒரு விதைப்புப் படம் வரக்கூடும். பிறருக்கு அனுப்பும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: 'இது எந்த மண்?'