முதலில் வந்தது சத்தம்

எங்கள் வீட்டில் வீடியோ கேம் ஆட ஒரு நிபந்தனை உண்டு. மதியம் அப்பா தூங்கும்போது டிவி சத்தத்தை அடியோடு குறைத்துவிட வேண்டும். நானும் தம்பியும் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஊமைப் படமாக ‘சூப்பர் மாரியோ’ ஆடுவோம். மற்ற நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுகிற பள்ளங்களில் எல்லாம் அந்த மதியங்களில் தொப்பென்று விழுவோம். பள்ளம் அதே பள்ளம், விரலும் அதே விரல்தான். குதிக்கும்போது எழுகிற அந்தச் சின்ன ஒலி காதில் விழாததால் கால் எப்போது தரையைத் தொடும் என்பது விரலுக்குத் தெரியாமல் போய்விடும். இது எனக்கு விளங்கப் பல வருடங்கள் ஆயின.

அறிவியல் புனைகதை, அனிமே, ஒலி நாடகம், பழைய வீடியோ கேம் நான்கின் மீதும் எனக்குப் பைத்தியம் உண்டு. நான்குக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்பார்கள். சத்தம் என்பேன். இவற்றின் நல்ல படைப்புகளில் சத்தம்தான் முதலில் வந்து இடம் பிடிக்கும். படம் அதன் பின்னால் வரும். சில சமயம் வராமலே போய்விடும்.

மாரியோவையே எடுத்துக்கொள்வோம். 1983-ல் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் பெட்டியின் ஒலிக்கு ஐந்தே தடங்கள். மெட்டுக்கு இரண்டு, கீழ்ச்சுருதிக்கு ஒன்று, இரைச்சலுக்கு ஒன்று, பதிவு செய்த துணுக்குகளுக்கு ஒன்று. 1985-ல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ முழு ஆட்டமும், பாட்டு உட்பட, 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று காலை வணக்கம் சொல்லி வாட்ஸ்அப்பில் வரும் படம் பெரும்பாலும் அதைவிடப் பெரிது. இசையமைத்தவர் கோஜி கோண்டோ. தடங்கள் போதாததால், மாரியோ குதிக்கும் ஒவ்வொரு முறையும் குதிக்கும் ஒலி மெட்டின் தடம் ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளும். அந்தக் கணத்தில் பாட்டின் ஓர் இழை அறுந்து மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஒவ்வொருவரும் ஆடும்போது கேட்கிற பாட்டு வேறு. அவரவர் குதிக்கிற இடத்தில் அவரவருக்கு அறுகிறது.

நம் ஊர்ப் பிள்ளைகள் ஆடியது பெரும்பாலும் அசல் பெட்டியில் அல்ல, மஞ்சள் கேசட் செருகும் நகல் பெட்டிகளில். அந்த நகல்களில் பலவற்றில் மெட்டுத் தடங்களின் அலைவடிவம் இரண்டு இடம் மாறிக் கிடந்தது. சுருதியும் தாளமும் சரியாகவே இருக்கும், குரல் மட்டும் வேறு. வளர்ந்த பிறகு அசல் இசையை முதன்முதலாகக் கேட்டபோது, யாரோ எங்கள் பாட்டை மாற்றிப் பாடிவிட்டதாகவே பட்டது. எது அசல் என்று அறிவுக்குத் தெரியும். காது இன்னமும் ஒப்புக்கொள்ளவில்லை.

இதற்கும் முன்னால் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ இருக்கிறது. 1978, டொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கியது. திரை முழுக்க வேற்றுக்கிரகப் பூச்சிகள் வரிசை கட்டி இறங்கும், நாம் கீழிருந்து சுட வேண்டும். பின்னணியில் நான்கே கனத்த சுரங்கள் திரும்பத் திரும்ப அடிக்கும். பூச்சிகள் குறையக் குறைய மிச்சமிருப்பவை வேகமெடுக்கும். அதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. வரைய வேண்டியவை குறைந்ததால் அந்தக் காலத்துச் சிப் சீக்கிரம் வேலையை முடித்தது, அவ்வளவுதான். அதை நிஷிகாடோ திருத்தாமல் விட்டுவைத்தார். வேகத்தோடு சுரங்களும் நெருங்கும். கடைசிப் பூச்சி பாய்ந்து வரும்போது, ஓடி வந்து நிற்பவனின் நெஞ்சு மாதிரி அடிக்கும். அதில் பயம் முழுவதும் அந்த நான்கு சுரங்களில்தான் இருக்கிறது. திரையில் இருப்பவை வெறும் கட்டங்கள்.

அறிவியல் புனைகதைக்குக் கண்ணைவிடக் காது நெருக்கம் என்பது என் கட்சி. சாட்சிக்கு முதலில் அழைப்பது டக்ளஸ் ஆடம்ஸை. ‘ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு த கேலக்ஸி’யைப் புத்தகமாகப் படித்தவர்கள் நிறைய. அது புத்தகமாகப் பிறக்கவில்லை. 1978 மார்ச் 8 அன்று இரவு பத்தரை மணிக்கு பி.பி.சி. ரேடியோ 4-ல் தொடராகத் தொடங்கியது. நாவல் வந்தது மறு வருடம், டிவித் தொடர் 1981-ல். ராக் இசைத்தட்டுக்குச் செலவிடும் உழைப்பை ஒரு ரேடியோ நாடகத்தின் ஒலிக்கும் செலவிட வேண்டும் என்று ஆடம்ஸ் விரும்பினார். பி.பி.சி.யின் ஒலிக்கூடமான ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப் அதைச் செய்து கொடுத்தது.

அதில் ஸேஃபோட் என்றொரு பாத்திரம், இரண்டு தலைக்காரன். ரேடியோவில் இரண்டாவது தலைக்கு ஆன செலவு ஒரு வரி வசனம். கேட்டவர் ஒவ்வொருவரும் அந்தத் தலையைத் தனக்குப் பிடித்த தோளில் பொருத்திக்கொண்டார். டிவிக்கு வந்தபோது நிஜமாகவே ஒரு தலை செய்தாக வேண்டியதாயிற்று. இயந்திரத் தலை ஒன்றைச் செய்து நடிகர் மார்க் விங்-டேவியின் தோளில் கட்டினார்கள். அது அடிக்கடி பழுதாகி, பல காட்சிகளில் அசையாமல் தொங்கியது. ரேடியோவிலும் அதே நடிகர்தான், அதே குரல்தான். அங்கே இரண்டு தலைக்கும் உயிர் இருந்தது.

ஆர்சன் வெல்ஸின் ‘வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்’ ரேடியோ நாடகத்தைப் பற்றி (1938 அக்டோபர் 30) பேசுபவர்கள், நாடே அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்ததாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். அந்தக் கலவரம் பத்திரிகைகள் ஊதிப் பெருக்கியது. எனக்கு முக்கியம் வேறு ஓர் இடம். செவ்வாய்க்கிரகத்தவர் நெருப்புக் கதிரை வீச, நிருபர் பதறிப் பதறி விவரித்துக்கொண்டிருக்கிறார். வாக்கியத்தின் நடுவில் குரல் அறுகிறது. சில நொடிகள் ஒன்றுமே இல்லை. நிருபராக நடித்த ஃபிராங்க் ரீடிக், 1937-ல் ஹிண்டன்பர்க் ஆகாயக்கப்பல் எரிந்து விழுந்ததை நேரில் பார்த்து விவரித்த அறிவிப்பாளரின் பதிவை வரவழைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தயாரானார். அந்தப் பதற்றத்தின் உண்மைதான் பின்னால் வரும் மௌனத்தைத் தாங்குகிறது. ஹெட்ஃபோன் மாட்டி, விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். எத்தனை கோடி செலவழித்த கிராஃபிக்ஸ் படமும் அந்தச் சில நொடிகளுக்குப் பக்கத்தில் நிற்காது.

1981-ல் அமெரிக்கப் பொது வானொலியில் ‘ஸ்டார் வார்ஸ்’ பதின்மூன்று பகுதி நாடகமாக வந்தது. ரேடியோ உரிமையை ஜார்ஜ் லூகாஸ் ஒரே ஒரு டாலருக்குக் கொடுத்தார். டார்த் வேடர் இளவரசி லேயாவை விசாரிக்க அறைக்குள் நுழைந்ததும் படத்தில் கதவு மூடிக்கொள்ளும். நாடகம் கதவுக்கு உள்ளே போகிறது. அந்தக் காட்சியைக் கேட்ட பிறகு, படத்தில் அந்தக் கதவு மூடும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அனிமேக்கு வருகிறேன். ஜப்பானில் பொதுவாக முதலில் வரைவார்கள், பிறகு குரல் கொடுப்பார்கள், நம் டப்பிங் போலவே. கட்சுஹிரோ ஓட்டோமோ 1988-ல் ‘அகிரா’வில் வரிசையைத் திருப்பிப் போட்டார். முதலில் வசனங்களைப் பதிவு செய்தார்கள். அந்தக் குரல்களுக்குத் தக்கபடி உதடுகளை வரைந்தார்கள். தெருவில் கத்திக்கொண்டு மோட்டார் பைக்கில் போகும் அந்தப் பையன்கள் சதையும் எலும்புமாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம் என்று உறுதியாகச் சொல்வேன். பத்து வருடம் கழித்து வந்த ‘கௌபாய் பீபாப்’பில் இன்னொரு விதமாக நடந்தது. இசையமைப்பாளர் யோகோ கான்னோ கேட்காத பாட்டுகளையும் போட்டுக் கொடுப்பார். அவற்றைக் கேட்டுவிட்டு இயக்குநர் ஷினிசிரோ வாதனாபே புதிய காட்சிகளை யோசிப்பார். பாட்டுக்காகக் காட்சி பிறக்கும் வழக்கம் நமக்குப் புதிதல்ல என்பதால், தமிழ் ரசிகர்கள் இந்தத் தொடரோடு சீக்கிரம் ஒட்டிக்கொள்வார்கள்.

ஆனால் என் மனசுக்கு ஆக நெருக்கமானது ஹிடேயாகி அன்னோவின் ‘இவாஞ்சலியன்’ (1995). பிரம்மாண்ட உயிர்-இயந்திரங்களைப் பதினான்கு வயதுப் பிள்ளைகள் ஓட்டும் கதை. பெரும்பாலோர் சண்டைகளைப் பற்றிப் பேசுவார்கள். நான் சில்வண்டுகளைப் பற்றிப் பேசுவேன். கதையில் ஒரு பேரழிவால் பூமியின் அச்சே சாய்ந்து, ஜப்பானில் கோடை முடிவதே இல்லை. அதை யாரும் நமக்கு அடிக்கடி நினைவூட்டுவதில்லை. வீதியைக் காட்டினாலும், மின்கம்பத்தைக் காட்டினாலும், பள்ளிக்கூடத்தைக் காட்டினாலும் சில்வண்டு ரீங்கரித்துக்கொண்டே இருக்கும். உலகம் ஏற்கனவே ஒருமுறை அழிந்துவிட்டது என்ற செய்தியை அந்தப் பூச்சிகள்தான் தொடர் முழுக்கச் சொல்கின்றன.

அதே தொடரில் இரண்டு சிறுமிகள் லிஃப்டில் ஒன்றும் பேசாமல் நிற்கும் காட்சி ஒன்று. முக்கால் நிமிடத்துக்கும் மேல் ஓவியம் அசையாது, லிஃப்டின் சத்தம் மட்டும். காசில்லாமல் ஒரே படத்தை நீட்டினார்கள் என்று குறை சொல்பவர்கள் உண்டு. காசு இழுபறியாகவே இருந்திருக்கட்டும். ஒருவரை ஒருவர் பிடிக்காத இரண்டு பேரோடு நாமும் அந்த லிஃப்டில் மாட்டிக்கொள்கிறோமே, அதற்கு அந்த நீளம் வேண்டும். டப்பிங்கில் பார்த்த வேறொரு தொடரில் பின்னணிச் சத்தங்களை மழுக்கி, மௌனமான இடங்களில் எல்லாம் இசையை ஊற்றி வைத்திருந்தார்கள். குரல் கொடுத்தவர்கள் நன்றாகவே பேசியிருந்தார்கள். மழை மட்டும் காணாமல் போயிருந்தது. அன்று எனக்கு வந்த கோபம் இன்றும் தணியவில்லை.

சத்தம்தான் முதலில் என்பதற்கு பி.பி.சி. டிவித் தொடரான ‘டாக்டர் ஹூ’வைவிடப் பெரிய சாட்சி கிடையாது. காலப் பயணியின் நீலப் பெட்டி கிளம்பும்போது எழும் அந்த மூச்சிரைப்பு, ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்பின் பிரையன் ஹாட்ஜ்சன் ஒரு பழைய பியானோவின் தந்திகளில் வீட்டுச் சாவியை வைத்து இழுத்து உண்டாக்கியது. 1963-ல் ரான் கிரெய்னர் எழுதிக் கொடுத்த முகப்பு இசையை டீலியா டெர்பிஷைர் காந்த நாடாவைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, சுரம் சுரமாகக் கட்டினார். தொடரில் அவர் பெயர் திரையில் வந்தது ஐம்பதாம் ஆண்டுச் சிறப்புப் பகுதியில், 2013-ல்தான். அப்போது அவர் உயிரோடு இல்லை.

இந்தத் தொடரின் அறுபதுகளின் பகுதிகளில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றின் படம் இன்று இல்லை. நாடா விலை அதிகம், மறு ஒளிபரப்பு அபூர்வம் என்று பி.பி.சி.யே அழித்தது. ஆனால் அத்தனை பகுதிகளின் ஒலியும் இருக்கிறது! வீட்டில் வீடியோ பதிவு என்பதே இல்லாத காலத்தில், ரசிகர்கள் டிவி ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கைப் பிடித்து டேப் ரெக்கார்டரில் பதிவு செய்து வைத்திருந்தார்கள். வாரா வாரம் அரை மணி நேரம், வீட்டில் யாரும் இருமாமல் இருக்க வேண்டுமே என்ற தவிப்போடு. சாதாரணப் பிள்ளைகள் செய்த வேலை அது. 1966-ல் ஒளிபரப்பாகி அழிந்துபோன ‘த பவர் ஆஃப் த டாலெக்ஸ்’ ஆறு பகுதிகளையும், அந்த ஒலியை வைத்தே 2016-ல் அனிமேஷனாக வரைந்து வெளியிட்டார்கள். சத்தம் ஐம்பது வருடம் காத்திருந்து தனக்கு ஒரு படத்தைத் தேடிக்கொண்டது.

நமக்கும் இது அந்நியமில்லை. ஞாயிறு பிற்பகல் ஆகாசவாணியில் திரைப்பட ஒலிச்சித்திரம் போடும்போது என் பாட்டி முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டு கேட்பாள். தியேட்டரில் பார்க்காத படங்களுக்கும் அவளிடம் முகங்கள் இருந்தன. கதவு கிறீச்சிட்டால் கை நிற்கும். வந்தது யார் என்று தெரிந்த பிறகுதான் அடுத்த கல்.

அந்தக் காதுகளுக்கு ஓர் அறிவியல் நாடகம் வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வைத்தான் நினைத்துக்கொள்கிறேன். எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது வாராவாரம் படித்தவர்கள் எல்லோரும் ஜீனோ என்ற அந்த இயந்திர நாய்க்குத் தங்கள் மனதில் ஒரு குரல் கொடுத்திருப்பார்கள். ஒருவர் உட்கார்ந்து வாசிக்கும் ஒலிப்புத்தகம் போதாது. நாலு பேர் நடித்து, கதாநாயகி நிலாவின் அறைக்கு ஓர் எதிரொலி வைத்து, முழு நாடகமாக வர வேண்டும்.

ஜீனோ தரையில் நடக்கும் சத்தம் எப்படி இருக்க வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருக்கிறேன். உலோகம் டங்கென்று மோதக் கூடாது, அது எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. ஈரச் சிமெண்ட் தரையில் ரப்பர் செருப்பு ஒட்டி ஒட்டி எழும்புமே, அதை இன்னும் மெலிதாக்கி, நாலு காலுக்கு நாலு விதமாக. பின்னங்கால் ஒன்று மட்டும் அரைக் கணம் தாமதித்து விழ வேண்டும்.