ஆளில்லாத கோயில்கள்

1858-ஆம் ஆண்டுத் தஞ்சை, மதுரைக் கோயில் படங்களைப் பார்ப்பவர்க்கு ஓர் ஐயம் எழும். அன்று அங்கே மக்களே இல்லையா?

அவற்றை எடுத்தவர் லின்னேயஸ் டிரைப். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் கேப்டன். பழஞ்சின்னங்களை ஓவியருக்குப் பதிலாகக் காமிராவைக் கொண்டு பதிவு செய்யலாமென்று கம்பெனி இயக்குநர்கள் 1855-இல் கூறினர். மறு ஆண்டே சென்னை அரசு டிரைப்பைப் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 டிசம்பரில் புறப்பட்டவர் திருவரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை எனச் சுற்றி வந்தார்.

இவையெல்லாம் நாள்தோறும் பூசை நடந்த கோயில்கள். ஆயினும் அவர் எடுத்த பல படங்களில் ஆளரவமே இல்லை. பாழடைந்த இடங்களோ என்று எண்ணத் தோன்றும்.

காரணத்தில் ஒரு பாதி வேதியியல். மெழுகூட்டிய காகிதத்தில் வெள்ளி உப்பை ஏற்றி அவர் படமெடுத்தார். அக்காகிதம் ஒளியை மெதுவாகவே ஏற்கும். நிமிடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அசையாத கல் பதியும். நடந்து செல்லும் மனிதர் பதியார்.

மறு பாதி மனிதரின் விருப்பம். அக்காகிதம் நீல ஒளியை மிகுதியாக ஏற்பதால் வானம் வெறும் வெள்ளையாக விழும். அதனால் டிரைப் சில படங்களில் மேகங்களைக் கையாலேயே தீட்டினார். இல்லாத மேகத்தைச் சேர்த்தவர், இருந்த மக்களைச் சற்று நேரம் அசையாமல் நிற்கச் சொல்லியிருக்கலாம் அல்லவா? அரசு கேட்டது கட்டடத்தை. வழிபட வந்தவரை அன்று.

அவர் செய்த நற்பணியையும் மறுப்பதற்கில்லை. பெரிய கோயில் விமானத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளத்தில் ஒட்டிச் சேர்த்தார். அவ்விமானத்தில் இராசராசனின் ஆணை ஒன்று உள்ளது. தானும் தமக்கையும் தேவியரும் கொடுத்தவற்றோடு, பிறர் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுக என்பது அதன் கருத்து. கொடுத்தவர் யாரென்பதைக் கல் விடாமல் சொல்கிறது. வந்து தொழுதவரைக் காமிரா விட்டுவிட்டது.

மும்பையில் வாழும் நமக்கு இது பழங்கதை அன்று. தாராவியைப் பார்க்க வருவோர் இன்றும் காமிராவோடு வருகின்றனர். அவர்களுடைய படங்களில் தகரக் கூரையும் சாக்கடையும் தெளிவாக விழுகின்றன. கூரைக்கடியில் நடக்கும் தோல் வேலையும் மண்பாண்ட வேலையும் பல வேளை விழுவதில்லை. இன்றைய காமிராவுக்கு நொடியில் சிறு பங்கு போதும். ஆகவே நண்பர்களே, இப்போது வேதியியலின்மேல் பழி போட இயலாது. எடுப்பவர் எங்கே நின்றார், யாருக்காக எடுத்தார் என்றே நாம் கேட்க வேண்டும்.